பாதாளத்துக்கு முந்தின ஸ்டேசன்: தாயக்கட்டையோடு கதை ஆட வருகிறவர்களுக்கு

சனிக்கிழமை இரவு கோலாலம்பூர்ச் செந்தூலில் எங்கள் பிளாட் வீட்டு ஹாலில் ஐந்து பேர் பாய் விரித்து உட்காருவோம். நடுவில் ஒரு ஜோடி பித்தளைத் தாயக்கட்டை, ஒரு கணக்கு நோட்டு, சட்டை மாட்டும் கம்பியை வளைத்துச் செய்த ஒரு வளையம், ஒரு தட்டு மசால் வடை. அப்புறம் இரண்டரை மணி நேரத்துக்கு நாங்கள் செந்தூலில் இல்லை. காட்டுக்குள், பாதாளத்துக்கு ஒரு ஸ்டேசன் முன்னால், யாரும் இறங்காத ஒரு பிளாட்பாரத்தில் ராத்திரி டியூட்டி பார்த்துக்கொண்டிருப்போம்.

ஆளுக்கு ஒரு பாத்திரம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் "நான் இதைச் செய்கிறேன்" என்று சொல்வார்கள். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வரும் இடத்தில் பகடை தீர்ப்புச் சொல்லும். அவ்வளவுதான் ஆட்டம். அமெரிக்காவில் இதற்கு முதல் விதிப்புத்தகம் 1974-ல் அச்சானது. ஆனாலும் நமக்கு இது முழுக்கப் புதிதில்லை. வைகுண்ட ஏகாதசிக்குக் கண் விழிக்கப் பரமபதம் ஆடிய வீடுகள் நம்முடையவை. பாம்பு கடித்தால் கீழே, ஏணி கிடைத்தால் மேலே. அதே விஷயம்தான், இங்கே கட்டத்துக்குப் பதில் தண்டவாளம்.

புதிதாக நடத்த வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் முதல் ஆட்டம் படுதோல்வி. பாதாள லோகத்தை வருணித்தே நாற்பது நிமிடம் ஓட்டினேன். மணி மண்டபம், நாக சிம்மாசனம், பச்சை நெருப்பு, எல்லாம். தலை நிமிர்ந்து பார்த்தால் அக்கா மகன் போனில் பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்குப் புரிந்தது, நான் கட்ட வேண்டியது பாதாளத்தை இல்லை, ஸ்டேசனை. ஸ்டேசன் ஒழுங்காக நின்றுவிட்டால் பாதாளம் தானே வந்து கதவைத் தட்டும்.

ஆளும் சாமானும்

நடத்துகிறவரோடு சேர்த்து நாலு பேர் போதும், ஆறு பேருக்கு மேல் வேண்டாம். நடத்துகிறவரை ஆங்கிலத்தில் கேம் மாஸ்டர் என்பார்கள். எங்கள் பாயில் அவர்தான் ஸ்டேசன் மாஸ்டர். தாயக்கட்டைக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் பூஜைச் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் சாதாரணப் பகடை இரண்டு எடுத்து 1, 2, 3 ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டு, 4 விழுந்தால் பூஜ்யம், 5, 6 விழுந்தால் மறுபடி உருட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல் வேலை: போய்ப் பார்ப்பது

எழுத உட்காரும் முன் ஒரு ஸ்டேசனில் சும்மா ஒரு மணி நேரம் உட்காருங்கள். கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு இது ரொம்பச் சுலபம். செந்தூலில் கொமுட்டர் ரயில் ஏறினால் நாலாவது ஸ்டேசன் பத்துமலை. 2010-ல் திறந்த பாதை அது. கடைசி ஸ்டேசன். அதற்கு மேல் ரயில் போக முடியாது, எதிரே சுண்ணாம்புக்கல் மலையும் குகையும். வெளியே வந்தால் பக்கத்திலேயே பச்சை உடம்போடு ஆஞ்சநேயர் ஓங்கி நிற்பார். மயில் இராவணன் கதையில் ராம லட்சுமணரைத் தேடிப் பாதாளத்துக்கு இறங்கியவரும் அவர்தான். குகை, கடைசித் தண்டவாளம், பாதாளத்துக்குப் போய் வந்த ஆள் என்று மூன்றும் ஒரே இடத்தில் இருக்கின்றன. இதற்கு மேல் என்ன வேண்டும்?

தைப்பூசத்துக்குப் போகாதீர்கள், நிற்கவே இடம் இருக்காது. மழை பெய்கிற செவ்வாய்க்கிழமை மத்தியானம் போங்கள். மலையைப் பார்க்க வேண்டாம். பிளாட்பாரத்தைப் பாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எந்த விளக்கு கண் சிமிட்டுகிறது, ரயில் வராத நேரத்தில் காவல்காரர் கையை எங்கே வைத்துக்கொள்கிறார் என்று நோட்டில் பத்து வரி எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பத்து வரிதான் முதல் ஆட்டத்துக்கு மூலதனம்.

இரண்டாவது: ஸ்டேசனை எங்கே வைப்பது

என்னுடையது மலேசியாவின் கிழக்குக்கரை ரயில் பாதையில் இருக்கிறது. கெமாஸிலிருந்து தும்பாட் வரை 526 கிலோமீட்டர், 1931-ல் முழுதாகத் திறந்தார்கள், காட்டு ரயில் என்று பெயர். ஒற்றைத் தடம், ஒரு மீட்டர் அகலம். ஜெராண்டுட், கோலா லிப்பிஸ், குவா மூசாங், டாபோங் என்று போகும். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் குன்றுகள், குன்றுக்குள் குகைகள். 2014 டிசம்பர் வெள்ளத்தில் கெமுபுவில் ஒரு முழு ரயில் பாலமே ஆற்றோடு போனது. பாதாள எல்லை இருக்கிறது என்று சொன்னால் நம்பக்கூடிய நிலம்.

அங்கே "சுங்கை பாலிக்" என்று நானே ஒரு ஸ்டேசனை நட்டுவைத்தேன். திரும்புகிற ஆறு என்று அர்த்தம் வரும். வரைபடத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. பெயர்ப்பலகையை மட்டும் கற்பனை செய்யவில்லை. இந்த நாட்டின் முதல் ரயில் 1885 ஜூன் 1-ம் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. அந்தப் பாதை இப்போது இல்லை, ஊர் பெயரும் கோலா செபெத்தாங் என்று மாறிவிட்டது. ஆனால் பழைய ஸ்டேசன் பலகை இன்னும் நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி (மலாயை எழுதும் அரபு எழுத்து), சீனம், தமிழ் என்று நாலு எழுத்திலும் ஊர்ப்பெயர். ஓடாத ரயிலுக்குத் தமிழில் ஒரு பெயர்ப்பலகை! சுங்கை பாலிக் பலகையிலும் அதே நாலு வரி. அடியில் ஐந்தாவதாக இன்னொரு வரி. அது என்ன எழுத்து என்று இதுவரை யாரும் வாசிக்கவில்லை. அதை நானும் முடிவு செய்யவில்லை, தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் ஸ்டேசனுக்கு இதெல்லாம் எழுதிவையுங்கள்: பலகை, கடிகாரம், டிக்கெட் ஜன்னல், தண்ணீர்த் தொட்டி, கோட்டர்ஸ் (வேலைக்காரர்கள் குடியிருக்கும் வீடுகள்), ஒரு நாய். நாயை விட்டுவிடாதீர்கள். ஏதோ வருகிறது என்பதை நீங்கள் சொன்னால் வருணனை. நாய் குரைப்பதைத் திடீரென்று நிறுத்தினால் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கடிகாரத்துக்கு ஒரு விஷயம் கைவசம் இருக்கிறது. 1982 பிறந்தபோது தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி முன்னே தள்ளினார்கள், சபா சரவாக்கோடு நேரம் ஒன்றாக வேண்டும் என்று. அந்த அரை மணி எங்கே போனது? சுங்கை பாலிக்கில்தான் இருக்கிறது. அங்கே கடிகாரத்தை மாற்றச் சொல்லி வந்த கடிதத்தை யாரோ மேசை இழுப்பறையில் போட்டு மறந்துவிட்டார்கள். ஆகவே ஒவ்வொரு ராத்திரியும் பதினொன்றரையிலிருந்து பன்னிரண்டு வரை, வேறு எந்த ஊரிலும் இல்லாத ஓர் அரை மணி அந்தப் பிளாட்பாரத்தில் மட்டும் நடக்கிறது. நம் ஆட்டம் முழுக்க அந்த அரை மணிதான்.

மூன்றாவது: எந்தப் பாதாளம்?

இங்கேதான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். பாதாளம் என்றதும் எண்ணெய்க் கொப்பரையும் முள் கதையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். அது நரகம். நம் கதைகளில் பாதாளம் வேறு, நரகம் வேறு.

கீழே ஏழு உலகம்: அதலம், விதலம், சுதலம், தராதலம், இரசாதலம், மகாதலம், பாதாளம். சூரியன் கிடையாது, நாகங்களின் படத்தில் இருக்கும் மணிகள்தான் வெளிச்சம். நாரதர் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து, இந்திரலோகத்தைவிட அழகு என்று மேலே போய்ச் சொன்னதாகப் புராணம். மகாபலி அங்கே ராஜாவாக இருக்கிறான். ஆக, உங்கள் ஸ்டேசனில் டிக்கெட் எடுக்கிறவர் தண்டனைக்குப் போகிறவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மாமியார் வீட்டுக்குப் போகிற நாகக்கன்னியாக இருக்கலாம், கையில் பலகாரக் கூடையோடு.

யமபுரிதான் வேண்டும் என்றால் அதற்கும் சரக்கு ஏராளம். தெற்கு அவன் திசை, முன்னோருக்கே தென்புலத்தார் என்றுதான் பெயர். வழியில் வைதரணி ஆறு. பசு தானம் கொடுத்தவர் அந்தப் பசுவின் வாலைப் பிடித்துக் கரையேறுவார். கணக்குக்குச் சித்திரகுப்தன். காத்திருப்பதற்கு நசிகேதன்: யமன் வீட்டில் இல்லாத நேரத்தில் வந்து, வாசலிலேயே மூன்று இரவு சோறு தண்ணீர் இல்லாமல் உட்கார்ந்த பையன். அவனைக் காக்கவைத்த தப்புக்காக யமனே மூன்று வரம் கொடுக்க வேண்டியதாயிற்று. வெயிட்டிங் ரூமுக்கு இதைவிடப் பழைய கதை எனக்குத் தெரியாது.

இரண்டையும் கலக்காமல் ஒன்றை எடுங்கள். நான் முதல் ஆறு வாரம் நாகலோகம் மட்டும் வைத்துக்கொண்டேன்.

இன்னொன்று. நம் பக்கத்து வீட்டில் சீனக் குடும்பம், ஆவிகள் வெளியே வரும் என்று அவர்கள் நம்பும் ஏழாம் மாதத்தில், ரோட்டோரம் ஊதுபத்தி ஏற்றுகிறது. காட்டில் ஓராங் அஸ்லி என்ற பழங்குடி மக்களுக்கு அவர்களுடைய நம்பிக்கைகள் உண்டு. ஏழாம் மாதம் ஆட்டத்தில் வரலாம், கூத்து மேடைக்கு முன்வரிசை நாற்காலிகளை ஆவிகளுக்காகக் காலியாக விடுவது எல்லாரும் பார்த்ததுதான். ஆனால் தெரியாத சாமியை எடுத்து வில்லனாக்காதீர்கள். நமக்கே நிறைய இருக்கிறது.

நாலாவது: எல்லையை வரைவது

எல்லை என்றால் எல்லைச்சாமி வேண்டும். தண்டவாள ஓரத்தில் ஒரு மரம், மரத்தடியில் சூலம், மஞ்சள் துணி, காய்ந்த எலுமிச்சம்பழம், பாதி எரிந்த சுருட்டு. முனியாண்டி. இந்த நாட்டில் ரயிலோரத்திலும் தோட்டத்து முனையிலும் அவர் இல்லாத இடம் குறைவு. அந்த மரத்துக்கு இந்தப் பக்கம் நம் ஊர், அந்தப் பக்கம் அவர்கள் ஊர். முனியை மட்டும் யாரும் பகடை உருட்டி ஜெயிக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். எங்கள் கீழ்வீட்டு அத்தை முனி கும்பிடுகிறவர், ஆட்டம் பார்க்க வரும்போதெல்லாம் இந்த விதி இன்னும் இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்வார்.

அப்புறம் எல்லைக்கு மூன்று சட்டம் எழுதி நோட்டின் கடைசிப் பக்கத்தில் மறைத்துவையுங்கள். ஆடுகிறவர்கள் பட்டுத் தெரிந்துகொள்ளட்டும். என்னுடையவை:

ஒரு தரம் கூப்பிட்டால் பதில் சொல்லாதே. (என் பாட்டி ராத்திரியில் எங்களுக்குச் சொன்னது.)

கால் தரையில் பாவாத ஆளிடம் டிக்கெட் கேட்காதே.

நீ முன்பு யாருக்கோ கொடுத்த ஒன்றுதான் உன்னைக் கரையேற்றும்.

மூன்றாவதற்காக, ஆட்டம் தொடங்கும்போதே ஒவ்வொருவரும் தன் பாத்திரம் எப்போதோ தானமாகக் கொடுத்த ஒரு பொருளை எழுதித்தர வேண்டும். எதற்கு என்று சொல்லாதீர்கள். ஒருவர் "பழைய குடை" என்று எழுதினார். பல வாரம் கழித்து வைதரணிக் கரையில் அந்தக் குடை வந்து நின்றபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

வளையம்

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஆட்டமே இதில்தான் நிற்கிறது.

ஒற்றைத் தடப் பாதையில் எதிரெதிரே இரண்டு ரயில் வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதைத் தடுக்கப் பழைய ரயில்வேயில் டோக்கன் முறை இருந்தது. பக்கத்துப் பக்கத்து ஸ்டேசன்கள் இரண்டிலும் ஒவ்வொரு இரும்புப் பெட்டி, இரண்டுக்கும் நடுவே மின்கம்பி. எதிர் ஸ்டேசன் மாஸ்டர் அங்கிருந்து சம்மதம் கொடுத்தால்தான் இங்கே பெட்டியிலிருந்து டோக்கன் வெளியே வரும். ஒன்று வந்துவிட்டால், அதை இரண்டில் ஏதாவது ஒரு பெட்டியில் திரும்பப் போடும்வரை இன்னொன்று வராது. டோக்கனைத் தோல்பையில் போட்டு ஒரு பெரிய வளையத்தில் மாட்டி டிரைவரிடம் நீட்டுவார்கள். ரயில் நகர்ந்துகொண்டிருக்கும்போதே அவர் கையை விட்டு வாங்கிக்கொள்வார். அது கையில் இல்லாமல் அந்தத் துண்டுப் பாதைக்குள் போகக் கூடாது.

இப்போது சுங்கை பாலிக்கில் இரண்டு பெட்டிகள். ஒன்று வடக்கே அடுத்த ஸ்டேசனோடு பேசும். இன்னொன்று தெற்குச் சுவரில் இருக்கிறது. அந்தப் பக்கம் ஸ்டேசனே கிடையாது. ஆனாலும் ராத்திரி பதினொன்றரைக்கு அதில் மணி அடிக்கிறது. அப்படியென்றால் அந்த முனையில் விசையை அழுத்த ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார்.

எங்கள் முதல் நல்ல ஆட்டம் இப்படித்தான் தொடங்கியது:

"தெற்குப் பெட்டியில் மணி ஒரு தரம் அடிக்கிறது."

"கடைசி ரயில் போயாச்சே மாமா?"

"மாமா இல்லை. மாஸ்டர்."

"சரி மாஸ்டர். நான் எடுக்கல."

"மறுபடியும் மணி. இப்போது இரண்டு தரம்."

அக்கா மகன் போனைக் கவிழ்த்து வைத்தான். "பெட்டி சூடா இருக்கா, குளிரா இருக்கா?" என்று கேட்டான். அதை நான் யோசித்தே வைக்கவில்லை. குளிர் என்றேன். பெட்டியின் மேல் வேர்த்திருக்கிறது என்றேன். அன்றைக்கு வடை மிஞ்சிவிட்டது.

கம்பி வளையத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. எல்லையைத் தாண்டிப் போகிறவர் கையில் அது இருக்க வேண்டும். அது இருக்கிறவர் மட்டும்தான் அந்தப் பக்கம் நடப்பதைப் பேசலாம். மற்றவர்கள் பிளாட்பாரத்தில் காத்திருப்பார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிற தொல்லை இதோடு தீர்ந்தது.

தாயம்

தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும், இது எல்லாருக்கும் தெரியும். இங்கேயும் எல்லை தாண்ட ஒன்று விழ வேண்டும். இரண்டு கட்டைகளில் பூஜ்யம், 1, 2, 3 என்று நாலு நாலு பக்கம், மொத்தம் 16 விதமாக விழும். அதில் தாயம் இரண்டு விதம், அதாவது எட்டில் ஒன்று. ஐந்து தரம் உருட்டினால் ஒரு தாயமாவது விழ ஏறக்குறைய பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆகவே ஒரு ராத்திரிக்கு ஒருவருக்கு ஐந்து உருட்டல் என்று வைத்தேன். பாதிப் பேர் போவார்கள், பாதிப் பேர் தவிப்பார்கள்.

சாதாரண வேலைகளுக்கு 3-ம் அதற்கு மேலும் விழுந்தால் ஜெயம். 5, 6, 12 (இரண்டு கட்டையிலும் பூஜ்யம் விழுந்தால் 12) விழுந்தால் ஜெயத்தோடு இன்னொரு உருட்டல். பூட்டைத் திறப்பதற்கும் தேநீர் போடுவதற்கும் பகடையை எடுக்காதீர்கள். தோற்றாலும் ஜெயித்தாலும் கதை நகரும் இடத்தில் மட்டும் உருட்டுங்கள்.

ஆட்கள்

வீரன், மந்திரவாதி என்று வேண்டாம். வேலை கொடுங்கள். தடம் மாற்றிவிடுகிற பாயின்ட்ஸ்மேன், தண்டவாளக் கூலிகளை மேய்க்கிற கேங் மண்டோர், டிக்கெட் கிளார்க், கோட்டர்ஸில் பலகாரம் சுட்டு விற்கிற அம்மா. மலாயா ரயில்வேயில் ஸ்டேசன் மாஸ்டர், கிளார்க் வேலைகளில் யாழ்ப்பாணத்தார் நிறையப் பேர் இருந்தார்கள், தண்டவாள வேலையில் தமிழ்நாட்டுக்காரர்கள். பேச்சிலேயே ஆளைக் காட்டிவிடலாம். எங்கள் ஆட்டத்தில் முந்தைய மாஸ்டர் ஓய்வுபெற்றும் போகாமல் பெஞ்சிலேயே இருக்கிறார். எதைக் கேட்டாலும் "பொறுங்கோ, இப்ப ரயில் வரும்" என்பார். அவர் கால் தரையில் பாவுகிறதா என்று மூன்று வாரமாக யாருமே குனிந்து பார்க்கவில்லை.

தெற்கு முனையில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேட்பீர்கள். என் கணக்கில் அவர் சித்திரகுப்தன் ஆபீசின் கடைநிலை குமாஸ்தா. அவருக்கும் ராத்திரி டியூட்டி, அவருக்கும் தூக்கம் வருகிறது.

ஒரு எச்சரிக்கை

கிழக்குக்கரைப் பாதையின் பெரும் பகுதித் தண்டவாளத்தை ஜப்பானியர்கள் போர்க்காலத்தில் கழற்றி சயாம்-பர்மா ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையை 1943 அக்டோபரில் இணைத்து முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலானோர் கூலிக்கு என்று நம்பியோ பிடித்துக்கொண்டுபோகப்பட்டோ. திரும்பாதவர்கள் ஏராளம். இங்கே தண்டவாளத்தைப் போருக்குப் பிறகு மறுபடி போட்டார்கள்.

எனக்கு இதைக் கதையில் எடுக்க ஆசை வந்தது. சுங்கை பாலிக்கின் தெற்குக் கிளைப்பாதையில் தண்டவாளம் திரும்பி வரவே இல்லை, சிலிப்பர் கட்டைகள் மட்டும் கிடக்கின்றன, ஆனாலும் ரயில் வருகிறது என்று வைத்தேன். அன்று ஆட வந்த ஒருவர் கட்டையைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய தாத்தாவின் அண்ணன் சயாம் போனவர். அதோடு அன்றைக்கு ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தேநீர் போட்டோம். அவர் பேசினார், நாங்கள் கேட்டோம். பிறகு அவரே, அந்த ரயில் இருக்கட்டும், ஆனால் அதில் வருகிறவர்களை யாரும் விரட்டக் கூடாது, டிக்கெட் கேட்கக் கூடாது, சாப்பாடு கொடுக்க வேண்டும் என்றார். நாலாவது சட்டமாக அதை எழுதிக்கொண்டோம். இப்படிப்பட்டதை எடுக்கும் முன் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் செய்தேன்.

முதல் ராத்திரி

எட்டரைக்கு வரச் சொன்னால் ஒன்பதே காலுக்குத்தான் வருவார்கள். முதல் அரை மணி பாத்திரம், தானப்பொருள், யார் எந்த டியூட்டி என்று போய்விடும். அடுத்து வேலை: விளக்கு ஏற்றுவது, கைகாட்டியைச் சரிபார்ப்பது, கடைசி ரயிலை அனுப்புவது. இதைச் சலிப்பு என்று வெட்டிவிடாதீர்கள். ஒவ்வொருவரையும் ஒரு வேலையாவது செய்யவையுங்கள். எந்த விளக்கைத் தான் ஏற்றினோம் என்று தெரிந்தால்தானே, அது அணையும்போது பயம் வரும். பிறகு மணி. முதல் ராத்திரியில் ஒரே ஒரு பயணி வந்தால் போதும். யாரும் எல்லை தாண்டாவிட்டாலும் பரவாயில்லை. வருணனை மூன்று வாக்கியத்துக்கு மேல் போனால் இருமச் சொல்லி ஒருவரிடம் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். எனக்கு அக்கா மகன் இருமுவான்.

பன்னிரண்டு அடித்ததும், கதை எந்த இடத்தில் இருந்தாலும், நிறுத்துங்கள். டியூட்டி நோட்டை எடுத்து, ராத்திரி நடந்ததில் ஒன்றை ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ரயில்வே நோட்டு மாதிரி மொட்டையாக, உணர்ச்சி எதுவும் இல்லாமல். எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் அக்கா மகன் எழுதியது இது:

"11.52. தெற்கிலிருந்து ஒருவர் இறங்கினார். டிக்கெட் இல்லை. பேனா கேட்டார், கொடுத்தேன். திருப்பித் தரவில்லை."

அடுத்த சனிக்கிழமை அந்தப் பேனாவிலிருந்துதான் தொடங்கினோம்.